உழைப்பவர் உயிர் காத்த மருத்துவர்

நுழையும்முன்

உடுத்தும் துணிக்குச் சாயம் நிறம் தருகிறது. சுவருக்கு வண்ணப்பூச்சு பொலிவு தருகிறது. வண்டிச் சக்கரத்துக்கு ரப்பர் வலிமை தருகிறது. இவற்றைப் பயன்படுத்துவோர் பலர். இவற்றை ஆக்கித் தருவோர் எவற்றைத் தொடுகின்றனர், எக்காற்றைச் சுவாசிக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் அவ்வினாவை எழுப்பி, விடை தேடி ஆலை ஆலையாக நடந்த ஒரு பெண் மருத்துவரின் வாழ்க்கை இப்பாடமாக அமைகிறது.

இளமையும் கல்வியும்

ஆலிஸ் ஹாமில்டன் 1869ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். இந்தியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெய்ன் என்னும் ஊரில், உறவினர் சூழ்ந்த பெரிய வீட்டில் வளர்ந்தார். நான்கு சகோதரியருள் அவர் இரண்டாமவர். மூத்தவரான எடித் ஹாமில்டன் பிற்காலத்தில் கிரேக்கத் தொன்மங்களைப் பற்றிய நூல்களால் உலகப் புகழ் பெற்றார். சகோதரியர் நால்வரும் தொடக்கத்தில் வீட்டிலேயே பயின்றனர். மொழிகளும் இலக்கியமும் வரலாறும் அவர்களுக்கு நிரம்பக் கிடைத்தன. அறிவியல் ஓரளவே கிடைத்தது.

தந்தையாரின் வணிகம் நொடித்தபோது, தம் வாழ்வுக்குத் தாமே வழி தேட வேண்டிய நிலை ஆலிஸுக்கு ஏற்பட்டது. அவர் மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தார். மருத்துவர் ஒருவர் எந்நாட்டிலும் எவ்விடத்திலும் பயன்பட முடியும் என்பதே அத்தேர்வுக்குக் காரணம். அறிவியலில் தமக்கிருந்த குறையை உழைப்பால் நிரப்பி, 1893இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் கற்க விரும்பி, எடித்துடன் ஜெர்மனிக்குச் சென்றார். அக்காலத்தில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையான மாணவியராக ஏற்பதில்லை. ஆடவர் கண்ணில் படாமல் ஒதுங்கி அமர்ந்து கேட்கலாம் என்னும் அளவிலேயே இசைவு கிடைத்தது. லைப்சிக், மியூனிக் ஆகிய நகரங்களில் அவ்வாறே அமர்ந்து கேட்டுக் கற்றுத் திரும்பினார்.

ஏழையர் குடியிருப்பில்

1897இல் சிகாகோவிலுள்ள மகளிர் மருத்துவப் பள்ளியில் ஆலிஸ் பேராசிரியப் பணி ஏற்றார். அந்நகரில்தான் ஜேன் ஆடம்ஸ் நிறுவிய ஹல் ஹவுஸ் என்னும் குடியிருப்பு இல்லம் இருந்தது. இத்தாலி, போலந்து, கிரீஸ், ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பகுதி அது. கற்றவர்கள் அம்மக்களிடையே வாழ்ந்து, அவர்களுக்குத் துணைநிற்பது அவ்வில்லத்தின் நோக்கம். ஆலிஸ் அங்கேயே தங்கினார். பகலில் ஆய்வும் கற்பித்தலும் முடிந்தபின், மாலையில் குழந்தைகளுக்கான நல மையத்தை நடத்தினார். அவ்வில்லத்துடன் அவருக்கு ஏற்பட்ட உறவு 22 ஆண்டுகள் நீடித்தது.

1902இல் அப்பகுதியில் நச்சுக் காய்ச்சல் பரவியது. கழிவுகளில் மொய்த்த ஈக்களே நோயைப் பரப்புகின்றன என்று ஆலிஸ் ஆய்ந்து அறிவித்தார். அவ்வாய்வு அவருக்குப் பெரும் புகழ் தந்தது. நகரச் சுகாதாரத் துறையிலும் மாற்றங்கள் வந்தன. குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே அந்நோய்ப்பரவலின் உண்மைக் காரணம் என்பது பின்னர்த் தெரியவந்தது. தமக்குப் பெயர் ஈட்டித் தந்த முடிவு பிழையானது என்பதை அவர் மறைக்கவில்லை. தம் வாழ்க்கை வரலாற்றில் வெளிப்படையாகவே பதிவு செய்தார். சான்றுக்கு முன் தம் பெருமையைப் பொருட்படுத்தாத இப்பண்பே அவருடைய பிற்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாயிற்று.

அக்கம்பக்கத்தாருடன் பழகியபோது வேறொன்றும் அவர் கவனத்தை ஈர்த்தது. வலிமையான உடலுடன் ஆலைக்குச் சென்ற இளைஞர்கள் சில ஆண்டுகளில் கை தளர்ந்தும் வயிற்று வலியால் துடித்தும் வீட்டில் முடங்கினர். அவர்களை எது வீழ்த்தியது என்பதை ஊரார் ஒருவாறு அறிந்திருந்தனர். மருத்துவ ஏடுகளோ அதைப் பற்றி எதுவும் கூறவில்லை. ஐரோப்பாவில் தொழில்சார் நோய்கள் பற்றிய நூல்களும் சட்டங்களும் இருந்தன. அமெரிக்காவில் அப்படியொரு துறையே தோன்றவில்லை.

ஈயத்தைத் தேடி

1908இல் இல்லினாய் மாநில அரசு தொழில்சார் நோய்களை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அமெரிக்காவில் இவ்வகையில் முதலாவதான இம்முயற்சியில் ஆலிஸ் இடம்பெற்றார். 1910இல் நடந்த கள ஆய்வுக்கு அவரே பொறுப்பேற்றார். காரீய நஞ்சு அவருடைய தனிப்பொருளாயிற்று.

எத்தொழில்களில் ஈயம் பயன்படுகிறது என்பதற்குப் பட்டியல் எதுவும் கிடையாது. ஆலை மேலாளர்களைக் கேட்டால், தம் ஆலையில் நோயாளர் எவரும் இல்லை என்றனர். ஆகவே ஆலிஸ் வேறு வழியை நாடினார். மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். மருந்துக்கடைக்காரர், பாதிரியார், ஈமச்சடங்கு நடத்துவோர் ஆகியோரிடம் உசாவினார். நோயுற்ற தொழிலாளியின் வீட்டுக்கே சென்று, அவர் மனைவியிடம் பேசினார். ஆலையில் உண்மையை உரைக்க அஞ்சியவர்கள் அடுக்களையில் அமர்ந்து அச்சமின்றிப் பேசினர். குளியல் தொட்டிகளுக்கு வெண்பூச்சு இடுவோர் முதலாக, ஈயத்தால் நோயுறுவோர் 70-க்கும் மேற்பட்ட தொழில் முறைகளில் இருப்பதை அவ்வாய்வு வெளிக்கொணர்ந்தது. அதன் பயனாக 1911இல் இல்லினாயில் தொழில்சார் நோய்ச் சட்டம் நிறைவேறியது.

1910இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த அனைத்துலக மாநாட்டில் பங்கேற்றபின், நடுவண் அரசின் தொழிலாளர் துறை அவரை நாடு தழுவிய ஆய்வுக்கு அழைத்தது. எந்த ஆலைக்குள்ளும் கட்டாயமாக நுழைய அவருக்குச் சட்ட உரிமை இல்லை. ஆலை உரிமையாளர் இசைந்தால்தான் உள்ளே செல்ல முடியும். கனிவும் உறுதியும் கலந்த பேச்சு ஒன்றே அவருடைய கருவி.

தம் ஆலைகளில் ஈய நோய் உண்டு என்பதை நம்ப மறுத்தார் ஒரு பெரிய ஈய நிறுவனத்தின் துணைத்தலைவர். ஆலிஸ் அவரிடம் வாதிடவில்லை. நோயுற்றோரின் மருத்துவமனைப் பதிவுகளைத் திரட்டி, அவர் மேசைமேல் வைத்தார். அவற்றைப் படித்த அவ்வலுவலர், தூசியையும் புகையையும் கட்டுப்படுத்தும் அமைப்புகளை நிறுவவும் தொழிலாளரைப் பரிசோதிக்க மருத்துவர்களை அமர்த்தவும் முன்வந்தார். தீங்கை அறிந்தும் மாறாதவர் சிலரே, அறியாமையால் தீங்கு செய்வோரே பலர் என்னும் நம்பிக்கை ஆலிஸுக்கு இருந்தது. எனினும், தொழிலாளியின் உயிர் உரிமையாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. சட்டம் வேண்டும் என்பதையும் அவர் இடைவிடாது வலியுறுத்தினார்.

நீலம் பாரித்த உதடுகள்

ஈயத்தை அடுத்து ஆலிஸ் எதிர்கொண்ட நஞ்சுகளுள் அனிலீன் குறிப்பிடத்தக்கது. 1826இல் அவுரிச் செடியிலிருந்து கிடைக்கும் நீலச்சாயத்தைச் சூடேற்றி இதை முதன்முதலில் பிரித்தெடுத்தனர். நீலம் எனப் பொருள்படும் வடசொல்லே அரபு, போர்ச்சுகீசிய மொழிகளின் வழியாகத் திரிந்து அனிலீன் என்னும் பெயருக்கு மூலமாயிற்று. பின்னர் நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனையும், பென்சீனிலிருந்து நைட்ரோபென்சீனையும், அதிலிருந்து அனிலீனையும் பேரளவில் பெறும் முறை வளர்ந்தது. 1856இல் 18 வயது மாணவரான வில்லியம் பெர்க்கின் இலண்டனில் அனிலீனைக் கொண்டு ஊதா நிறச் சாயத்தை உருவாக்கினார். செயற்கைச் சாயத் தொழில் அன்று பிறந்தது. பென்சீன் வளையத்துடன் அமினோ தொகுதி இணைந்த இத்தகைய சேர்மங்களை வேதியியலார் அரோமேட்டிக் அமீன்கள் என்பர்.

அனிலீன் எண்ணெய் போன்ற நீர்மம். அதன் ஆவி மூச்சின் வழியே உட்புகும்; நீர்மமோ தோலின் வழியாகவே குருதியில் கலக்கும். கையில் பட்டது போதும். சட்டையில் சிந்திக் காயாமல் இருந்தாலும் போதும். குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் இரும்பு அணுவை அது மாற்றிவிடுகிறது. அவ்வாறு மாறிய ஹீமோகுளோபினுக்கு மெத்ஹீமோகுளோபின் என்று பெயர். அதனால் ஆக்சிசனைச் சுமக்க இயலாது. காற்று நுரையீரலை நிரப்பினாலும் உடல் மூச்சின்றித் தவிக்கும். உதடும் நகமும் காது மடலும் நீலம் பாரிக்கும். தலைவலியும் மயக்கமும் தோன்றும். மிகுந்தால் உயிரும் பிரியும். நீலத்தின் பெயரைத் தாங்கிய பொருள், தன்னைத் தொட்டவரையும் நீலமாக்கியது.

ரப்பர்த் தொழிலில், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துப் பதப்படுத்தும்போது வினையை விரைவுபடுத்த அனிலீன் பயன்பட்டது. ரப்பர்த் தொழிலின் நஞ்சுகளைப் பற்றி 1915இல் வெளியான அறிக்கையில் ஆலிஸ் இவற்றை ஆராய்ந்தார். ஆலைகளில் நீலம் பாரித்த உதடுகளை அன்றாட நிகழ்ச்சியாகக் கருதும் மனப்போக்கு இருந்தது. மயங்கி விழுந்தவரை வெளிக்காற்றில் கிடத்துவர்; தெளிந்ததும் அவர் மீண்டும் வேலைக்குச் செல்வார். விடுப்பு எடுத்தால் கூலி இல்லை. குறை கூறினால் வேலை இல்லை. அயல்நாட்டிலிருந்து வந்து, மொழியும் அறியாமல், குடும்பத்தைச் சுமந்து நின்ற தொழிலாளிக்கு வேறு வழியும் இல்லை.

போரும் சாயமும்

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அதுவரை உலகின் சாயத் தேவையைப் பெரும்பாலும் ஜெர்மனியே நிறைவு செய்து வந்தது. போரினால் அவ்வரவு நின்றதும், அமெரிக்காவில் சாய ஆலைகள் விரைந்து எழுந்தன. வெடிபொருள் ஆலைகளும் பெருகின. ஒரே நிலக்கரித் தார் சாயத்துக்கும் வெடிமருந்துக்கும் மூலப்பொருளாயிற்று. அனுபவமில்லாத மேலாளரும் பயிற்சியில்லாத தொழிலாளரும் முன்பின் அறியாத நஞ்சுகளைக் கையாண்டனர்.

வெடிபொருள் ஆலைகள் இருக்குமிடம் மறைக்கப்பட்டிருந்தது. வானில் எழுந்த ஆரஞ்சு, மஞ்சள் நிறப் புகை மண்டலத்தைக் கண்டு ஆலிஸ் ஆலையை அடையாளம் கண்டார். பிக்ரிக் அமிலத்தால் முகமும் கையும் தலைமுடியும் மஞ்சள் நிறம் ஏறிய தொழிலாளரைச் சந்தித்து, அவர் பணியாற்றும் இடத்தைக் கேட்டறிந்தார். 1917இல் வெளியான அவருடைய அறிக்கை, வெடிபொருள் ஆலைகளில் 2,000-க்கும் மேற்பட்டோர் நஞ்சினால் பாதிக்கப்பட்டதையும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் பதிவு செய்தது. போர்க்களத்தில் மாண்டவரை நாடு எண்ணியது; போருக்காக ஆலையில் மாண்டவரை அவர் எண்ணினார்.

போர் முடிந்தபின் சாய ஆலைகளின் மீது அவர் முழுக்கவனம் செலுத்தினார். நிலக்கரித் தார்ச் சாயங்களையும் அவற்றின் இடைநிலைப் பொருள்களையும் ஆக்கும்போது நேரும் நச்சுப் பாதிப்பைப் பற்றிய அவரது அறிக்கையை நடுவண் அரசின் தொழிலாளர் புள்ளியியல் துறை 1921இல் வெளியிட்டது. கொதிகலன்களையும் குழாய்களையும் மூடிய அமைப்பாக்குதல், ஆவியை உறிஞ்சி வெளியேற்றுதல், தூய பணியுடை அளித்தல், பணி முடிந்ததும் குளிக்க வெந்நீர் வசதி செய்தல், மருத்துவரைக் கொண்டு முறையாகப் பரிசோதித்தல் ஆகியனவே இத்தகைய நஞ்சிலிருந்து காக்கும் வழிகள். இவை அரிய கண்டுபிடிப்புகள் அல்ல, எளியவை, செய்யத்தக்கவை. தொழிலாளி கவனமாக இல்லை என்று பழி கூறும் வழக்கத்தை ஆலிஸ் ஏற்கவில்லை. நஞ்சு தொழிலாளியை அடையாதபடி ஆலையை அமைப்பதே முதற்கடமை. கையுறையும் எச்சரிக்கையும் அதற்கு அடுத்தவையே.

காலம் தாழ்த்தி வரும் நோய்

அனிலீனால் நேரும் மயக்கம் சில மணி நேரத்தில் வெளிப்படும். ஆனால், அரோமேட்டிக் அமீன்கள் சிலவற்றின் கொடுமை உடனே தெரிவதில்லை. 1895இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபூக்சின் என்னும் சிவப்புச் சாயம் ஆக்கிய தொழிலாளர் சிலரின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் தோன்றியதைக் கண்டு அறிவித்தார். உடலுக்குள் புகும் இச்சேர்மங்களைக் கல்லீரல் மாற்றியமைக்கிறது. மாறிய பொருள்கள் சிறுநீருடன் சேர்ந்து சிறுநீர்ப்பையில் தங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் தொடரும் இத்தொடர்பு அங்குள்ள உயிரணுக்களைக் கெடுத்துப் புற்றுநோயாக்குகிறது. பென்சிடின், பீட்டா-நாஃப்தைலமீன் ஆகியன இவற்றுள் மிகக் கொடியவை. பன்னாட்டுத் தொழிலாளர் அலுவலகமும் 1921இல் இவ்வபாயத்தைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது.

ஐரோப்பிய மருத்துவ ஏடுகளைத் தொடர்ந்து பயின்ற ஆலிஸ் இவ்வுண்மையை அறிந்திருந்தார். ஆனால், அமெரிக்கச் சாய ஆலைகள் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்நோயோ பெரும்பாலும் 15, 20 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். நோயாளரை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடிக்கும் அவருடைய முறைக்கு இன்னும் பிறவாத நோய் அகப்படவில்லை. ஈயத்தால் தளர்ந்த கையை அவரால் காட்ட முடிந்தது. வருங்காலத்தில் தோன்றவிருக்கும் கட்டியை யாருக்கும் காட்ட முடியவில்லை. நோயாளர் இல்லாமை நஞ்சு இல்லாமைக்குச் சான்று ஆகாது என்பதை அத்தொழில் பெரும் விலை கொடுத்தே கற்றது. 1930களில் அமெரிக்கச் சாயத் தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வெளிப்பட்டது. 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பரும் அவர்தம் குழுவினரும் பீட்டா-நாஃப்தைலமீன் நாய்களுக்கு அந்நோயை உண்டாக்குவதை மெய்ப்பித்தனர்.

தெரிந்து தெளிவோம்

அனிலீனும் அதனைச் சார்ந்த அமீன்களும் தோலின் வழியாகவே உடலுக்குள் புகக்கூடியவை. ஆகவே முகமூடி மட்டும் அணிவது போதிய காப்பு ஆகாது. நனைந்த உடையை உடனே களைந்து, தோலைச் சோப்பு நீரால் நன்கு கழுவுதல் முதலுதவியின் முதற்படி. உதடும் நகமும் நீலம் பாரித்தவரைத் தூய காற்றுள்ள இடத்துக்கு மாற்றி, தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில்

1919இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் தொழில்துறை மருத்துவம் கற்பிக்க ஆசிரியரைத் தேடியபோது, அத்துறையில் ஆலிஸுக்கு இணையான ஆடவர் எவரும் நாட்டில் இல்லை. மாணவியரை மருத்துவப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளாத அப்பல்கலைக்கழகம், தன் வரலாற்றில் முதல் பெண் ஆசிரியராக அவரை ஏற்றது. பதவியுடன் மூன்று தடைகளும் வந்தன. ஆசிரியர் மன்றத்துக்குள் அவர் நுழையலாகாது; பட்டமளிப்பு விழா ஊர்வலத்தில் நடக்கலாகாது; ஆசிரியர்களுக்குரிய கால்பந்தாட்ட நுழைவுச்சீட்டைக் கேட்கலாகாது. ஆண்டில் பாதிக்காலம் மட்டுமே கற்பிப்பதாக ஆலிஸும் ஒரு நிபந்தனை விதித்தார். எஞ்சிய காலம் ஆலைகளுக்கும் ஹல் ஹவுஸுக்கும் உரியதாயிற்று. 1935இல் ஓய்வு பெறும்வரை பல்கலைக்கழகம் அவருக்குப் பதவி உயர்வு வழங்கவில்லை. துணைப் பேராசிரியராகச் சேர்ந்தவர் துணைப் பேராசிரியராகவே விடைபெற்றார்.

அத்தடைகள் அவருடைய உழைப்பைத் தடுக்கவில்லை. 1925இல் அமெரிக்காவின் தொழில்துறை நஞ்சுகள் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1924 முதல் 1930 வரை உலக நாடுகள் சங்கத்தின் சுகாதாரக் குழுவில் உறுப்பினராக இருந்தார். வாகன எரிபொருளில் ஈயச் சேர்மத்தைக் கலப்பது பற்றி 1925இல் வாஷிங்டனில் நடந்த மாநாட்டில், அக்கலப்பு மக்கள் நலனுக்குக் கேடு என்று எதிர்த்து நின்றார். அன்று அவர் கருத்து வெல்லவில்லை. பல பத்தாண்டுகள் கழிந்தபின் உலக நாடுகள் ஈயம் கலந்த எரிபொருளைக் கைவிட்டபோது, அவர் கூறியதன் உண்மை விளங்கியது. ஓய்வுக்குப் பின்னரும் செயற்கைப் பட்டு ஆலைகளில் கார்பன் டைசல்பைடால் நேரும் நரம்பு நோயை ஆராய்ந்தார். 1943இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

நிறைவு

ஆலிஸ் ஹாமில்டன் தம் இறுதிக்காலத்தைக் கனெக்டிகட் மாநிலத்தின் ஹாட்லைம் என்னும் சிற்றூரில், ஆற்றங்கரை வீட்டில் கழித்தார். 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், தம் 101ஆம் வயதில் இயற்கை எய்தினார். அதே ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், தொழிலாளரின் பாதுகாப்புக்கும் நலத்துக்குமான சட்டம் அமெரிக்காவில் நடைமுறைக்குரிய ஒப்புதல் பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஆலை வாயிலில் இசைவு கேட்டு நின்ற ஒருவரின் கனவு அது. உரிமையாளரின் இசைவுக்குக் காத்திராமல் ஆலைக்குள் சென்று ஆய்வு செய்யும் அதிகாரத்தை அச்சட்டம் ஆய்வாளர்களுக்கு அளித்தது. 1974இல் பென்சிடின், பீட்டா-நாஃப்தைலமீன் உள்ளிட்ட 14 புற்றுநோய்க் காரணிகளைக் கையாள்வதற்குக் கடுமையான விதிகள் அச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டன.

அவர் புதிய மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. பெரும் அறுவை மருத்துவம் எதையும் செய்யவில்லை. நோய்க்கு மருந்து தேடுவதற்கு முன், நோய் பிறக்கும் இடத்துக்கே சென்று பார்த்தார். கண்டதை எண்ணினார், எண்ணியதை எழுதினார், எழுதியதைச் செவிசாய்க்க மறுத்தவர் முன்னும் பணிவோடும் துணிவோடும் எடுத்துரைத்தார். பொருள் ஒன்றின் விலையில் அதை ஆக்கியவரின் உயிர் அடங்கியிருத்தல் ஆகாது என்பதே அவர் வாழ்வு உணர்த்தும் அறம்.